மைதானத்துக்கு இனி என் மெஷின் வராது

தருமபுரி மாவட்டப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுக்களில் இருக்கும் பெற்றோர்களுக்கும்,

வணக்கம். பாலக்கோடு பக்கம் இருபத்தாறு வருஷமாக சலூன் வைத்திருக்கிறேன். உங்களில் பல பேர் என் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

போன வருஷம் பள்ளி திறந்த இரண்டாவது வாரம், ஒரு பள்ளியிலிருந்து ஆள் அனுப்பினார்கள். மெஷினை எடுத்துக்கொண்டு வா, பையன்களுக்கு முடி வெட்ட வேண்டும் என்றார்கள். எந்தப் பள்ளி என்பது இங்கே வேண்டாம். போனேன். பிரேயர் முடிந்து எல்லாப் பிள்ளைகளும் வரிசையில் நிற்க, கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். பத்தொன்பது பையன்கள். கழுத்தில் துணி போர்த்தவில்லை. தண்ணீர் தெளிக்கவில்லை. சீக்கிரம், சீக்கிரம் என்று பின்னால் ஒரு குரல்.

அதில் ஒருவன் பிளஸ் ஒன். முன்முடியில் செம்பு கலர். அந்தக் கலரைப் போட்டதே நான்தான், மே மாதத்தில். விடியற்காலையில் தக்காளி மண்டியில் பெட்டி இறக்கிச் சேர்த்த காசு, பத்தும் இருபதுமாக முந்நூறு ரூபாய் கொடுத்தான். நோட்டில் தக்காளி வாடை இருந்தது. நான் போட்ட கலரை நானே வழித்தேன். அவன் அழவில்லை. பிடரி நரம்பு துடித்தது மட்டும், மெஷினின் அதிர்வையும் மீறி என் விரலுக்குத் தெரிந்தது. வரிசையில் யாரோ சிரித்தார்கள். எழுந்து போகும்போது தோளில் கிடந்த ஒரு கொத்து முடியை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. ஆகஸ்டில் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன், பையைத் தூக்கிக்கொண்டு ஓசூர் வண்டி ஏறிக்கொண்டிருந்தான். பெங்களூரில் சென்ட்ரிங் வேலையாம். நம் மாவட்டத்தில் பள்ளியை விட்டு ஒரு அடி வெளியே வைத்த பையனுக்கு அடுத்த அடி எங்கே என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தலையில் கலரும் கோடும் போட்டுக்கொள்கிற இந்தப் பையன்களை ஊரே ‘புள்ளிங்கோ’ என்கிறது. பிள்ளைகள் என்ற சொல்தான் வடசென்னை வாயில் அப்படி ஆகி, கானாப் பாட்டோடு மாநிலம் முழுக்கப் பரவியது. பாசமாகச் சொன்ன சொல் அது. இன்று வசவாகிவிட்டது. டிக்டாக்கில் ஆடினார்கள், சிரித்தோம். 2020 ஜூனில் அதைத் தடை செய்தார்கள், பையன்கள் ரீல்ஸுக்குப் போனார்கள். பையன்கள் மாறவில்லை, நம் பார்வையும் மாறவில்லை.

ஒதுக்குகிற பார்வை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஆட்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய், திண்ணைக்குக் கீழே உட்கார்ந்து சவரம் செய்தவர்கள். கல்யாணமும் சாவும் நாங்கள் இல்லாமல் நடக்காது. ஆனால் வீட்டு நடை எங்களுக்கு இல்லை.

முடி வெட்டுகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நீங்கள் கேட்கிற போலீஸ் கட்டிங்குக்கும் அவன் கேட்கிற ‘சைடு ஜீரோ’வுக்கும் ஒரே மெஷின்தான். காதுக்கு மேலே அவனுடைய முடி உங்கள் போலீஸ் கட்டிங்கைவிடக் குட்டை. ஆகவே நீளம் உங்கள் பிரச்சினை இல்லை. காதுக்கு மேலே அவன் போட்டுக்கொள்கிற அந்த ஒரு கோடு, ‘நான் இந்தக் கூட்டத்து ஆள்’ என்று சொல்கிறதே, அதுதான் உறுத்துகிறது.

அந்தக் கூட்டம் எப்படிப்பட்டது என்று நாற்காலியில் உட்கார்ந்து பேசும்போது தெரியும். ஐந்து பேர் வந்தால் ஐந்து பேருக்கும் ஒரே கோடு. ஒருவனிடம் காசு இல்லையென்றால் நான்கு பேர் பகிர்ந்து கொடுப்பார்கள். அந்த ஐந்து பேரில் ஊர்த் தெருப் பையனும் இருப்பான், காலனிப் பையனும் இருப்பான். எல்லாக் கூட்டமும் இப்படி என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2012இல் சாதிக் கலவரத்தில் நத்தம் காலனி எரிந்ததைப் பார்த்த மாவட்டம் இது. இங்கே இரண்டு தெருப் பையன்களும் ஒரே மாதிரி தலையோடு ஒரு வண்டியில் போவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு நிறைகிறது.

நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனைச் சாதி வெறியில் சக மாணவர்களே வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, 2024இல் கொடுத்த அறிக்கையில், பள்ளியில் கையில் சாதிக் கயிறு கட்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. முழுக்கச் சரி. துணி போர்த்தும்போது அந்தக் கைகளை நானும் பார்க்கிறேன். கயிறு அவன் பிறப்பைச் சொல்கிறது. தலையில் போடுகிற கலர் அப்படியில்லை, அது அவனாகத் தேர்ந்தெடுத்தது. இரண்டையும் ‘ஒழுங்கீனம்’ என்று ஒரே நோட்டில் எழுதாதீர்கள்.

பஸ் படியில் தொங்குவது, போதைப் பாக்கெட்டை வாயில் அடக்குவது, பெண் பிள்ளைகளைக் கிண்டல் செய்வது, இதையெல்லாம் கண்டியுங்கள், நானும் கூட நிற்கிறேன். ஆனால் எண்ணெய் தடவி வகிடு எடுத்த பையன்களும் இதைச் செய்கிறார்கள். அவர்களை யாரும் சோதிப்பதில்லை.

இங்கிலாந்தில் நடந்த ஒன்றைப் படித்தேன். 1964இல் ஈஸ்டர் விடுமுறைக்கு கிளாக்டன் என்ற கடற்கரை ஊரில் மோட்ஸ், ராக்கர்ஸ் என்ற இரண்டு இளைஞர் கூட்டங்கள் மோதிக்கொண்டன. ராக்கர்ஸுக்குத் தோல் ஜாக்கெட்டும் மோட்டார் சைக்கிளும். மோட்ஸ் பையன்களோ கச்சிதமான கோட்டு சூட்டு, திருத்தமான முடி, ஸ்கூட்டர். கொஞ்சம் கல்லெறி, கொஞ்சம் கண்ணாடி உடைப்பு. பத்திரிகைகள் அதை ஊரே சூறையானதுபோல ஊதின. ஸ்டான்லி கோஹன் என்ற சமூகவியலாளர் அதை ஆராய்ந்து 1972இல் எழுதினார். ஒரு கூட்டத்தைப் பூதமாகக் காட்டிப் பயந்து அடக்க அடக்க, அந்தப் பையன்கள் பூதமாகவே நடக்கத் தொடங்குகிறார்கள் என்பது அவர் கண்டது. திருத்தமாக முடி வெட்டிய பையன்களுக்கே அங்கே ரவுடிப் பட்டம். பெரியவர்களின் பயத்துக்கு முடி ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

இங்கேயும் புதிதல்ல. என் தாத்தா காலத்தில் குடுமியை எடுத்து கிராப்பு வைத்தவனை வீட்டுக்குள் விடாத அப்பாக்கள் இருந்தார்கள். இன்று அந்த கிராப்புதான் ஒழுக்கம். அப்புறம் காதை மூடின ஸ்டெப் கட்டிங் வந்தது. உங்களில் சிலருக்கே அதை வெட்டிவிட்டவர் என் அப்பா.

சட்டத்தையும் ஒரு வார்த்தை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையும் மன உளைச்சல் தருவதும் கூடாது என்கிறது. அன்று அந்த வரிசையில் ஏழாவது, எட்டாவது படிக்கிற சின்னப் பையன்களும் நின்றார்கள்.

சட்டம்கூட வேண்டாம். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்தை விடிய விடியப் பார்க்கிறவர்கள் நாம். சபை நடுவில் முடியைப் பிடித்து இழுத்த அவமானத்துக்காக விரித்த கூந்தல், படுகளத்தில் துரியோதனன் விழுந்த பிறகுதான் முடியப்படுகிறது. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நாலு பேர் முன்னால் ஒருவரின் முடியில் கை வைப்பது என்ன என்று தெரிந்த ஊரில்தான், கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் பெஞ்சு போடுகிறோம்.

அதனால் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பள்ளி மைதானத்துக்கு இனி என் மெஷின் வராது. எங்கள் தொழில்காரர்கள் நாலைந்து பேரிடம் பேசினேன், அவர்களும் சம்மதித்திருக்கிறார்கள். பள்ளிக்கு விதிமுறை வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. பள்ளி திறக்கும் முன்பே எழுதி ஒட்டுங்கள். மீறுகிற பையனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள், ஒரு வாரம் கொடுங்கள். முடியைக் காட்டி கேட்டில் திருப்பி அனுப்பாதீர்கள், வகுப்பில் உட்காரட்டும். நீங்கள் பேசிய பிறகு அவனாக என் கடைக்கு வந்தால், துணி போர்த்தி, தண்ணீர் தெளித்து, காசு வாங்காமல் வெட்டிவிடுகிறேன். கலரை மறைக்கக் கறுப்பும் என் செலவு.

கடைசியாக ஒரு வேண்டுகோள், அந்த ஒரு பள்ளிக்கு மட்டும். பொங்கலுக்கு அந்தப் பையன் ஊருக்கு வந்திருந்தான். கடைக்கு வந்தான். கை முழுக்கச் சிமெண்டுப் புண். ‘சார் கூப்பிட்டா போவேண்ணா’ என்றான். நானாகக் கூப்பிட்டால் பள்ளியில் சேர்க்க முடியாது. அவன் அம்மாவுக்கு ஒரு போன் செய்யுங்கள். நம்பர் பழைய ரிஜிஸ்டரில் இருக்கும்.

இப்படிக்கு,
பாலக்கோடு பக்கத்து சலூன்காரன்