பெலிசாரிக்கு இடமில்லாத பதினொருவர்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐஎஸ்எல் கால்பந்து லீக்கில் நம் ஊர் அணியான சென்னையின் எஃப்சிக்கு ஆடிய வெளிநாட்டு வீரர்களை மட்டும் வைத்து ஒரு கனவு அணியைச் சென்ற இதழில் வெளியிட்டிருந்தீர்கள். பின்களத்தில் நெஸ்டா, மாட்டெராஸி, சில்வெஸ்ட்ர், ரீஸே. நால்வருமே ஐரோப்பாவில் பெரிய கோப்பைகளைத் தூக்கியவர்கள்தான். ஆனால் 2014-லிருந்து நேரு ஸ்டேடியத்துக்குப் போய் வரும் என்னால் அந்த அணியை ஒப்புக்கொள்ள முடியவில்லை. நெஸ்டா முதல் சீசனின் கடைசிக் கட்டத்தில் வந்து சில ஆட்டங்கள் மட்டும் ஆடினார். ரீஸே ஆடிய 2016-ல் நாம் ஏழாவது இடம். மிலானிலும் லிவர்பூலிலும் அவர்கள் செய்ததற்கு அந்த ஊர்க்காரர்கள் இடம் கொடுக்கட்டும். நம் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு என்ன செய்தார்கள் என்பதை வைத்துத்தான் நாம் ஆள் எடுக்க வேண்டும்.

மாட்டெராஸியை மட்டும் நான் விடமாட்டேன். 2015 கோப்பையை வென்று தந்த பயிற்சியாளர் அவர். அந்த வேலையிலேயே அவர் இருக்கட்டும்.

கோல்கீப்பர் அபூலா எடெல். இந்த இடத்துக்குப் போட்டியே அதிகம் இல்லை. முதல் மூன்று சீசன்களில் ஓர் அணி ஒரே நேரத்தில் ஆறு வெளிநாட்டவரைக் களத்தில் இறக்கலாம் என்று இருந்தது; 2017-18-ல் அது ஐந்தாகி, 2021-22-ல் நான்காகிவிட்டது. இருக்கிற சில இடங்களில் ஒன்றை கோல்கீப்பருக்குக் கொடுக்க யாருக்குத்தான் மனசு வரும்? அதனால் கரண்ஜித் சிங், விஷால் கெய்த் போன்ற நம் ஆட்களிடம் அந்தப் பொறுப்பு வந்தது. அது நல்லதுதான். இடது பேக்கும் இதே கதைதான். முதலில் தனசந்திரா, பிறகு ஜெர்ரி என்று அந்த இடத்தில் இந்தியர்களே நிலைத்துவிட்டார்கள். வெளிநாட்டவரில் அங்கே பொருத்தமான ஆள் எனக்குக் கிடைக்கவில்லை. அதனால் பின்களத்தில் மூன்று பேர் போதும் என்று வைத்துக்கொண்டேன்.

அந்த மூவரில் முதல் பெயர் மைல்சன் ஆல்வெஸ். 2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா மைதானம். இறுதி ஆட்டம். ஒன்பதாவது நிமிடத்திலேயே பெங்களூரு அணியின் சேத்ரி கோல் அடித்துவிட்டார். அரங்கம் முழுக்க அவர்கள் கூட்டம். அப்புறம் கிரெகரி நெல்சன் கார்னர் எடுக்கிறார், மைல்சன் எழும்பித் தலையால் முட்டுகிறார், கோல். இடைவேளைக்குச் சற்று முன்பு அதே நெல்சன், அதே கார்னர், அதே மைல்சன். ஓர் இறுதி ஆட்டத்தில் டிஃபென்டர் ஒருவர் இரண்டு கோல் அடிப்பதை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. இரண்டாம் பாதியில் ரஃபேல் அகுஸ்டோ மூன்றாவதை அடிக்க, 3-2 என்று கோப்பை வந்தது. இந்த மூவரையும் பிரிக்க எனக்கு மனம் இல்லை. நெல்சன் இடது ஓரத்தில், அகுஸ்டோ நடுவில். மைல்சனும் அகுஸ்டோவும் இரண்டு கோப்பைகளிலும் இருந்தவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. உங்கள் அணியில் இருவருமே இல்லை. எனக்குக் கடிதம் எழுதத் தோன்றியதே அதைப் பார்த்துத்தான்.

மைல்சனுக்குப் பக்கத்தில் அந்த ஆண்டின் கேப்டன் ஹென்ரிக் செரெனோ, மறுபக்கம் ருமேனியாவின் லூசியன் கொயான். வலது ஓரத்தில் இன்யிகோ கால்டெரோன்.

எலானோ உங்கள் அணியிலும் இருக்கிறார், என் அணியிலும் இருக்கிறார். ஆனால் பிரேசில் சார்பில் உலகக் கோப்பை ஆடியவர் என்பதற்காக இல்லை. 2014-ல் மிட்ஃபீல்டிலிருந்தே எட்டு கோல் அடித்து, அதிக கோல் அடித்தவருக்கான அந்த சீசனின் கோல்டன் பூட் வாங்கினாரே, அதற்காக. அவர் ஃபிரீ கிக் எடுக்க நின்றால் ஸ்டாண்டில் பேச்சே நின்றுவிடும். அவருக்கு முன்னால் கிரிவெலாரோ. 2019-20-ல் அட்டவணையின் அடிப்பகுதியில் கிடந்த அணி, பயிற்சியாளராக ஓவன் கோய்ல் வந்த பிறகு இறுதி ஆட்டம் வரை போனது. அந்த ஓட்டத்துக்கு உயிர் கொடுத்தது அவருடைய இடது கால். அந்தப் பாஸ்களை கோலாக்கியவர் லித்துவேனியாவின் வல்ஸ்கிஸ். அவருக்கு 15 கோல். மற்ற அணிகளின் ராய் கிருஷ்ணாவும் ஓக்பெச்சேயும் அதே 15 அடித்தும் கோல்டன் பூட் இவருக்குத்தான் வந்தது. இறுதி ஆட்டம் கொரோனாவால் கோவாவில் ஆளில்லாத அரங்கில் நடந்து, 3-1 என்று தோற்றோம். அந்த ஒரு கோலும் வல்ஸ்கிஸ் அடித்தது.

கடைசி இடம் ஸ்டீவன் மெண்டோசாவுக்கு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2015 டிசம்பரில் ஊரே தண்ணீரில் கிடந்தது. வியாசர்பாடியில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். சாமான்களைக் கட்டில் மேல் ஏற்றிவிட்டு மாடி வீட்டுக்காரர்களோடு இருந்தோம். நம் ஊரில் நடக்க வேண்டிய அரையிறுதியைப் புனேவுக்கு மாற்றிவிட்டார்கள். சொந்த மைதானம் இல்லை, கத்துவதற்கு நாங்களும் இல்லை. கொல்கத்தாவை 3-0 என்று அடித்தார்கள்: பெலிசாரி, ஜெஜே, மெண்டோசா ஆளுக்கு ஒரு கோல். சேறு வழித்துக்கொண்டிருந்த தெருவில் அந்தச் செய்தி வந்தபோது எல்லோரும் எப்படிச் சிரித்தோம் என்பது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. டிசம்பர் 20, கோவாவில் இறுதி ஆட்டம். 87-வது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னே போனது. முடிந்தது என்று நினைத்தோம். தொண்ணூறாவது நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் ஓன் கோல். அது முடிந்து மூச்சு விடுவதற்குள் மெண்டோசாவின் கோல். அந்த சீசனில் அவர் அடித்தது 13. அந்த ஒரு மாதத்தில் எங்கள் தெருவுக்கு வந்த ஒரே நல்ல செய்தி அந்தக் கோப்பை.

சரி, இதோடு பதினொருவர் ஆகிவிட்டது, புரூனோ பெலிசாரி வெளியே நிற்கிறார். புனேயிலும் கோல், கோவா இறுதி ஆட்டத்தில் பெனால்டி தடுக்கப்பட்டுத் திரும்பி வந்த பந்தில் முதல் கோல். அவரை விட்டது எனக்கு வருத்தம்தான். கிரிவெலாரோவை எடுத்துவிட்டு அவரை வைக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன், முடியவில்லை. பெர்னார்ட் மெண்டியையும், ஒரே சீசன் ஆடினாலும் கண்ணை எடுக்க விடாத எல் கயாத்தியையும் விட்டதில்கூட எனக்கு இவ்வளவு தயக்கம் இல்லை.

அடுத்த இதழில் இடம் இருந்தால், மற்ற வாசகர்களின் அணிகளையும் வெளியிடுங்கள். பெலிசாரிக்கு இடம் கண்டுபிடித்தவர் யாராவது இருந்தால், யாரை வெளியே அனுப்பினார் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
ஒரு வாசகர்,
வியாசர்பாடி, சென்னை - 39