சத்துணவுக் கூடத்து ஆயாம்மாவுக்கும் மற்ற எல்லாருக்கும்

உறவுகளுக்கும் ஊர்க்காரர்களுக்கும், போனிலும் நேரிலும் விசாரித்துக்கொண்டே இருந்த அத்தனை பேருக்கும் வணக்கம்.

பேரனுக்குக் கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்திலும் பதிவு பண்ணியாகிவிட்டது. இந்த வாரத்திலிருந்து பேரனுக்கு வட்டார வள மையத்துச் சிறப்பு ஆசிரியை வந்து தனியாக உட்காரவைத்துப் பாடம் எடுக்கிறார். இத்தனை நாளும் என்னென்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் கூடவே இருந்து பார்த்தவர்கள். அதையெல்லாம் மறுபடி கிளறி யாரையும் சங்கடப்படுத்த எனக்கு மனசில்லை. பிள்ளையை 'மந்தம்' என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிய புண்ணியவானுக்கும் சேர்த்தே ஒரு வணக்கம் போட்டு அந்தக் கணக்கை முடித்துக்கொள்கிறேன்.

நாகலூர் பக்கம் காப்பி எஸ்டேட்டில் காலமெல்லாம் ரைட்டர் வேலை பார்த்தவன் நான். கூலியாட்களின் வருகைப் பதிவேடான செக்ரோலில் பேர் ஏற்றி ஏற்றிப் பழகிய கை. அதனால் நன்றி சொல்வதையும் ஒரு பேர்ப்பட்டியலாக எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் ஒருத்தரிடம் வந்ததும் பட்டியல் நின்றுவிட்டது. பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் ஆயாம்மா. "எம்பேரைப் போட்டுராதீங்க ரைட்டரய்யா, அப்புறம் ஆபீசுல ஏதாச்சும் கேப்பாங்க" என்று சொல்லிவிட்டார். எனவே பேர் இல்லை. எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் பேர் தேவையும் இல்லை.

பள்ளிக்கூடத்து எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அவரவர் கற்ற நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்காரவைப்பார்கள். கூடப் படித்ததுகள் எல்லாம் மொட்டாகி மலராகிப் போக, இவன் அரும்பிலேயே நின்றான். நாலாம் வகுப்புக்கு வந்தும் 'ப'வும் 'ம'வும் ஒன்றாகவே தெரிந்தது. வாசிக்கச் சொன்னால் வயிறு வலிக்கிறது என்பான். எழுந்து வெளியே போவான். போகிற இடம் சமையல் கூடத்துப் பின்பக்கம், சில்வர் ஓக் மரத்தடி. ஆயாம்மா அவனைக் காதைப் பிடித்து வகுப்புக்குத் திருப்பி அனுப்பியிருக்கலாம், அப்படிச் செய்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டோம். அவர் செய்தது வேறு. "சும்மா குந்தியிருக்கறதுக்கு இந்த முட்டையை எண்ணுடா" என்று அவித்த முட்டைக் குண்டானை அவன் முன்னால் நகர்த்தி வைத்தார். ஆரம்பம் இவ்வளவுதான். தலைமையாசிரியரும் பார்த்துவிட்டு, சரி, மத்தியானம் முட்டை கொடுக்கிற வேலை இவனுக்கே இருக்கட்டும் என்றார். வயிற்றுவலி குறைந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று காலையில் திண்ணைத் தூணைக் கட்டிக்கொண்டு அழுவதும் குறைந்தது. காரணம் தெரியாமல் நாங்கள் எங்கள் மலைச்சாமி சேர்வராயனுக்கு நேர்ந்துகொண்டதன் பலன் என்று நினைத்திருந்தோம். (அந்தக் கடன் தனி, அதையும் தீர்த்துவிடுவேன்.)

பெரிய உதவி இதற்கு அப்புறம் வந்தது. சேலம் அரசு மருத்துவமனையில் உளவியல் சோதனைக்கு நாள் கொடுத்திருந்தார்கள். காது, கண் இரண்டையும் முதலில் பார்த்து ஒன்றும் பழுதில்லை என்று எழுதிக் கொடுத்தாகிவிட்டது. இனி அறிவுத்திறன் சோதனை, அதன்பின் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் வகுத்த வாசிப்பு, எழுத்து, கணக்குச் சோதனைகள். மகனும் மருமகளும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பதால் நானும் வீட்டுக்காரியும்தான் போகவேண்டும். முந்தின நாள் இருட்டின பிறகு ஆயாம்மா வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றுகொண்டு, "நாளைக்கு நானும் வாரேன்" என்றார். எதற்கு என்று கேட்டேன். "நீங்க வூட்டு ஆளுங்க. நீங்க என்ன சொன்னாலும் பாசத்துல சொல்றீங்கன்னுவாங்க. நான் பொது ஆளு" என்றார். சமையலுக்குப் பக்கத்துப் பள்ளியிலிருந்து மாற்று ஆளைச் சொல்லிவைத்து, அமைப்பாளரிடம் லீவும் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார். கூப்பிட வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை.

மலை இறங்கும்போது அவனுக்கு வாந்தி வரும் என்று மடியில் எலுமிச்சம்பழம் முடிந்துகொண்டு வந்தார். 20 கொண்டை ஊசி வளைவும் தாண்டி அடிவாரம் வருவதற்குள் அந்தப் பழம் தோலாகிவிட்டது.

உள்ளே போனதும் பையன் உறைந்துவிட்டான். தாளைப் பார்த்தால் இவனுக்கு எப்போதும் அப்படித்தான், ரோட்டில் லாரி வெளிச்சத்தில் மாட்டிய முயல் மாதிரி. உளவியலாளர் அம்மா பொறுமையாகத்தான் கேட்டார். கட்டைகளைக் கொடுத்தார், படம் காட்டினார். அவன் கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டான். படிவத்தில் அவர் ஏதோ எழுத ஆரம்பித்தார். என் வீட்டுக்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போது கதவோரம் நின்றிருந்த ஆயாம்மா, செருப்பை வெளியே கழற்றிவிட்டு ஒரு அடி உள்ளே வந்தார்.

"ஏனுங்கம்மா, நான் படிக்காதவ. ஒண்ணு சொல்லலாமுங்களா?"

அவர் நிமிர்ந்து பார்த்து, சொல்லுங்கம்மா என்றார்.

"எழுதறப்ப இவனுக்கு ஆறும் ஒம்பதும் மாறிப்போவுமுங்க. ஆனா எங்க பள்ளிக்கூடத்துல தெனமும் முட்டை குடுக்கறது இவந்தான். யாரு வரலை, யாருக்கு முட்டை ஆவாது, எல்லாம் இவன் மனசுல இருக்குமுங்க. கார்த்திகை பொறந்தா யாரு வூட்டுல மாலை போட்டிருக்காங்கன்னு வாத்தியாருக்குத் தெரியாது, இவனுக்குத் தெரியும். அந்தப் புள்ளைங்களுக்கு வாழப்பழம் எடுத்துத் தனியா வெச்சிருவான். இவன் எண்ண ஆரம்பிச்ச நாள்லருந்து கணக்கு தப்புனதே இல்லீங்க."

உளவியலாளர் அம்மா தாளையெல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "முப்பத்தஞ்சு முட்டை வந்துச்சு. மூணு வழியிலேயே உடைஞ்சு போச்சு. மொத்தம் முப்பத்துநாலு பிள்ளைங்க, அதுல நாலு பேர் வரலை. எத்தனை மிச்சம்?"

அவன் அன்றைக்கு முதல்முறையாக வாயைத் திறந்தான். "மாலை போட்டவங்க எத்தனை பேரு?"

யாரும் போடவில்லை என்றார் அவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"அப்ப ரெண்டு மிச்சம். நோட்டுல எழுதணும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "அதை ஆயா எழுதிக்கும்."

அந்த அறையில் அப்புறம் எல்லாரும் சிரித்தோம், அவனைத் தவிர. அவனுக்கு அது வேலை விஷயம். அன்றைய சோதனையை அதோடு நிறுத்தி, பயம் தெளிந்தபின் கூட்டிவாருங்கள் என்று வேறு நாள் கொடுத்தார் அந்த அம்மா. அடுத்த தடவை கட்டைகளைத் தொட்டான், பேசினான், கேட்டதற்குப் பதில் சொன்னான். அறிவுத்திறன் வயதுக்குச் சரியாக இருக்கிறது, எழுத்தும் எண்ணுருவும் மட்டும்தான் பிடிபடவில்லை, இது குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்று எழுதிக் கொடுத்தார்கள். சோதனைதான் முடிவு சொன்னது, ஆயாம்மா சொல்லவில்லை. ஆனால் சோதனை செய்ய ஒரு பிள்ளை அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தது ஆயாம்மாவால்.

திரும்பும்போது பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பையனுக்குத் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். என்னைக் காசு எடுக்க விடவில்லை. பஸ் டிக்கெட்டுக்கும் அதே சண்டை.

ராத்திரியில் தூக்கம் வராமல் யோசிக்கிறேன். பழம் பறிக்கும் சீசனில் எத்தனை பெண்களிடம் கைநாட்டு வாங்கியிருக்கிறேன். பள்ளிக்கூடமே காணாதவர்கள் அதில் அதிகம். ஆனால் சிலர் நாலைந்து வருஷம் போய் உட்கார்ந்துவிட்டு, "எனக்குப் படிப்பு ஏறலைங்க" என்று வந்தவர்கள். அதில் ஒருத்தி கூடையைக் கையில் தூக்கிப் பார்த்தே எடை சொல்லிவிடுவாள், தராசு அதற்குப் பக்கத்தில்தான் நிற்கும். மிளகுக் கொடி எந்த மரத்தில் எப்போது வைத்தது என்று வரிசையாகச் சொல்வாள். தன் பேரை எழுதுவதைத் தவிர மற்றதெல்லாம் அவளுக்குத் தெரியும். அவளுக்கு என்ன இருந்தது என்று அன்றைக்கு யார் கேட்டோம்? கேட்டிருந்தாலும் எழுதிக் கொடுக்க வழியில்லை. 1995 ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் மொத்தமே 7 வகைக் குறைபாடுதான், கற்றல் குறைபாடு அதில் இல்லை. 2016 சட்டத்தில்தான் 21 வகையாகி இதுவும் உள்ளே வந்தது. அவள் இப்போது இருந்தால் என் வயது இருக்கும்.

மற்றவர்களையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ஊருக்குள் நடமாட முடியாது. எங்கள் தலைமையாசிரியருக்கும் வகுப்பு டீச்சருக்கும், பள்ளிப் பிள்ளைகளுக்கான மருத்துவ முகாமிலேயே பையனைக் கவனித்து 'இதை விடாதீர்கள் தாத்தா' என்று பின்னாலேயே வந்த சிறப்பு ஆசிரியைக்கும் நன்றி. மலைப்பாதைப் பலகைகளில் இருக்கும் வளைவு எண்ணை வைத்தே 6க்கும் 9க்கும் வித்தியாசம் சொல்லிக்கொடுக்கலாம் என்பது அவருடைய யோசனைதான். இப்போது பஸ்ஸில் போகும்போது இவன் உரக்கப் படிக்க, முன் சீட்டுக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள். காது மருத்துவப் பிரிவில் எங்கே போய் நிற்பது என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போன நர்சம்மாவுக்கும், வாந்தி எடுக்கும் பிள்ளை என்று முன் சீட்டு ஒதுக்கிக் கொடுத்த கண்டக்டர்களுக்கும், ஆஸ்பத்திரி எதிரில் ஜெராக்ஸ் எடுத்துவிட்டு 'பெரியவரே, ஒரிஜினலை எடுத்துக்கோங்க' என்று ஓடி வந்து கொடுத்த பையனுக்கும், கைமாற்றாகக் கொடுத்துவிட்டு இன்றுவரை கேட்காத எஸ்டேட் கூட்டாளிகளுக்கும், அவனோடு எப்போதும்போலக் கோலி விளையாடிய தெருப் பிள்ளைகளுக்கும் எல்லாருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு.

இனி என்ன என்று பலர் கேட்கிறீர்கள். வகுப்புத் தேர்வில் கேள்வியை வாசித்துக் காட்டி வாயால் பதில் வாங்க ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு வரும்போது சொல்வதை எழுத ஒருவர், ஒரு மணி நேரம் கூடுதல், ஒரு மொழிப்பாடத்தில் விலக்கு என்று சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். அது இன்னும் ஐந்தாறு வருஷம் தள்ளி. அதற்குள் 14 வயதில் மறு சோதனை இருக்கிறது. அவனாகப் படித்து எழுதிவிட்டால் இதெல்லாம் வேண்டாம்தான், ஆனால் அப்படி ஆகியே தீரவேண்டும் என்று நான் அவன்மேல் ஏறி உட்காரப் போவதில்லை.

ஆயாம்மாவுக்கு என்ன கைம்மாறு செய்வது என்று கேட்டுப் பார்த்தேன். புடவை வேண்டாம், பணம் வேண்டாம். "மேல ரெண்டு ஊருல இப்படிப் புள்ளைங்க இருக்குதுங்க. அப்பன் ஆத்தாளுக்கு ஃபாரம் எழுதத் தெரியாது. நீங்க ரைட்டர்தானே" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். அதை இங்கே எழுதிவைத்தால் பின்வாங்க முடியாது என்றே எழுதுகிறேன்: ஏற்காடு வட்டாரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கான மருத்துவ மதிப்பீட்டு முகாம் எப்போது போட்டாலும் நான் வாசலில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருப்பேன். ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், பிள்ளையின் போட்டோ, பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். பிள்ளையின் நோட்டுகளைக் கிழிந்திருந்தாலும் கொண்டு வாருங்கள், அதைத்தான் அவர்கள் முதலில் கேட்பார்கள். கற்றல் குறைபாட்டுக்கு 8 வயது நிறைந்தால்தான் சான்றிதழ், ஆனால் அதற்கு முன்பே பள்ளியில் சொல்லிவைக்கலாம். வகுப்புக்கு வெளியே பிள்ளையைப் பார்த்த ஒருத்தர் யாராவது இருந்தால், மாடு மேய்க்கிறவரோ டீக்கடைக்காரரோ, அவரையும் கையோடு கூட்டி வாருங்கள். பேனா, பசை, ஸ்டேப்ளர் எல்லாம் என்னிடம் இருக்கும்.

இப்படிக்கு,
பழைய எஸ்டேட் ரைட்டர்,
ஏற்காடு