மஞ்சள் பக்கம், பச்சைப் பக்கம்

கும்பகோணம்
ஞாயிறு காலை

அன்புள்ள சேது,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. எட்டாவது மாடியில் காற்று நன்றாக வருகிறது, பேசத்தான் ஆளில்லை என்று எழுதியிருந்தாய். முழங்காலுக்கு அந்த எண்ணெய் கேட்கிறதா என்று வீட்டில் விசாரிக்கச் சொன்னாள். கேட்டால் எழுது, எனக்கும் ஒரு பாட்டில் தேவைப்படும்.

போன தடவை விக்கிமூலம் என்று ஒரு வரி எழுதிவிட்டு நிறுத்திவிட்டேன். "இது என்னடா புது வைத்தியம்?" என்று கேட்டிருக்கிறாய். இணையத்தில் ஒரு நூலகம் என்று வைத்துக்கொள். அரசாங்கம் நாட்டுடைமையாக்கிய புத்தகங்களில் 2,000-க்கும் மேலே தமிழ் இணையக் கல்விக்கழகத்திலிருந்து அங்கே வந்து சேர்ந்திருக்கின்றன. எல்லாம் பக்கம் பக்கமாகப் படம் பிடித்தவை. அந்தப் படத்தைக் கணினி படித்து எழுத்தாக்கித் தரும். அது படிக்கும் லட்சணத்தைக் கேட்டால் சிரிப்பாய். துணைக்காலுக்கும் ர-வுக்கும் பேதம் பார்ப்பதில்லை. தேய்ந்த டைப்பில் புள்ளி விழாமல் போயிருந்தால் கல்வியைக் கலவி என்று படித்துவிட்டுக் கூச்சமே இல்லாமல் மேலே போகும். நம் அச்சக முதலாளி இருந்திருந்தால் அதை அன்றைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பியிருப்பார். இடப்பக்கம் எழுத்து, வலப்பக்கம் படம். இரண்டையும் ஒத்துப் பார்த்துத் திருத்த வேண்டும். நம் புரூஃப் வேலையேதான். அங்கே மெய்ப்பு என்கிறார்கள். சம்பளம் கிடையாது, நாலு மணி டீயும் கிடையாது.

போய்ச் சேர்ந்த அழகைக் கேள். பேரன் என் பெயரைப் பதிந்து கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் எனக்கென்று இருக்கும் பேச்சுப் பக்கத்தில் ஒரு வரவேற்பு. என் பெயரைச் சொல்லி வரவேற்று, எழுதிப் பழக மணல்தொட்டி இருக்கிறது, சந்தேகம் வந்தால் இங்கே கேளுங்கள் என்றெல்லாம் அவ்வளவு மரியாதையாக இருந்தது. எனக்கு மனசு இளகிவிட்டது. ஒற்றை விரலால் ஒன்றரை மணி நேரம் தட்டிப் பதில் எழுதினேன். 1974-ல் பதினேழு வயதில் அச்செழுத்துக் கேஸ் முன்னால் நின்றது, டிரெடில் மெஷின் மிதித்தது, பிறகு புரூஃப் மேசைக்கு வந்தது, ஒன்று விடவில்லை. கடைசியில் தங்கள் குடும்பத்தார் சௌக்கியமா என்று கேட்டு, வீட்டு விலாசமும் செல் நம்பரும் போட்டு முடித்தேன்.

இரண்டு நாள் சத்தமில்லை. நாம்தான் அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று எனக்கு ஒரே சங்கடம். மூன்றாம் நாள் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு டீச்சர் எழுதியிருந்தார். "ஐயா, அந்த வரவேற்பு புதிதாய் வருகிற எல்லாருக்கும் தானாய் விழுகிறது. எழுதினது ஆளில்லை. ஆனால் நீங்கள் எழுதினதை நான் இரண்டு தரம் வாசித்தேன். எங்கட வீட்டில் எல்லாரும் சுகம். தொலைபேசி இலக்கத்தை எடுத்துவிட்டேன், உலகம் முழுக்கப் பார்க்கும்."

மெஷினிடம் போய்க் குடும்ப நலம் விசாரித்திருக்கிறேன், சேது! நீயாயிருந்தால் பத்து வருஷத்துக்குச் சொல்லிக் காட்டியிருப்பாய். அந்த அம்மா அதோடு விடவில்லை. அங்கே யார் எதைத் தொட்டாலும் பழைய பிரதியெல்லாம் 'வரலாறு' என்ற இடத்தில் அப்படியே கிடக்கும். ஒரு நிர்வாகியிடம் சொல்லி அங்கிருந்தும் என் நம்பரை மறைக்க வைத்திருக்கிறார். அப்புறம், எழுதி முடித்தால் கீழே நான்கு அலைக்குறி போட வேண்டும், அது நம் பெயரும் நேரமுமாக மாறிவிடும் என்று சொல்லிக் கொடுத்தார். அந்த அலைக்குறி கீபோர்டில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு சாயங்காலம் ஆயிற்று.

அடுத்தது இன்னும் மோசம். 1950-களில் அச்சான ஒரு கட்டுரைப் புத்தகத்தில் உட்கார்ந்தேன். ஒற்று மிக வேண்டிய இடத்திலெல்லாம் மிகவில்லை. எனக்குக் கை சும்மா இருக்குமா? பதினோரு பக்கம் ஒற்றுப் போட்டுத் தள்ளினேன். மறுநாள் பார்த்தால் அத்தனையும் பழையபடி. 'நூலில் உள்ளபடியே' என்று ஒரு வரிக் காரணம். செய்தவன் கல்லூரிப் பையன். முப்பத்தெட்டு வருஷம் புரூஃப் பார்த்தவனுக்கு ரோஷம் வராதா? ஆலமரத்தடி என்று பொதுவாகப் பேச ஓர் இடம் வைத்திருக்கிறார்கள் (பெயர் நன்றாயிருக்கிறது, இல்லையா?). அங்கே போய்ச் சூடாக எழுதினேன். அந்தப் பையன் பதிலுக்குச் சூடாகவில்லை. "அய்யா, இலக்கணம் நீங்கள் சொல்வதுதான். ஆனால் இது அந்த ஆசிரியரின் புத்தகம். வலப்பக்கம் என்ன இருக்கிறதோ அதுதான் இடப்பக்கமும் இருக்கணும்" என்றான். "மூலக் காப்பியைப் பார்றா, உன் மூளையைப் பார்க்காதே" என்று நம் முதலாளி கத்துவாரே, அந்தக் குரலே கேட்டதுபோல் இருந்தது. பதினோரு பக்கத்தையும் மறுபடி ஒருமுறை நானே பார்த்துவிட்டு வந்தேன். இன்றைக்கு எனக்குக் கணினியில் என்ன தகராறு என்றாலும் அவன்தான்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். "முகம் தெரியாதவர்களோடு என்னடா சிநேகிதம்?" என்று எழுதியிருந்தாய். அங்கே பக்கங்களுக்கு நிறம் உண்டு. மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பு. பார்த்து முடித்தால் மஞ்சள். இன்னொருவர் வந்து மறுபடி பார்த்தால் பச்சை. நான் மஞ்சளாக்கிய பக்கத்தை நானே பச்சையாக்க முடியாது, எத்தனை வருஷ அனுபவம் இருந்தாலும். ஆக, எவரோ ஒருவர் நான் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து, நான் பார்த்த வரியையே பார்த்தாக வேண்டும். என் பக்கங்களை முக்கால்வாசி பச்சையாக்குவது டீச்சர்தான். நான் விட்ட புள்ளியை அவர் பிடிப்பார். 'அவர்' என்பதை அவர் 'அவா்' என்று தட்டியிருந்தால் நான் பிடிப்பேன். ர-வின் மேல் புள்ளி வைத்தாரா, துணைக்கால் மேல் வைத்தாரா என்பது கண்ணுக்குத் தெரியாது, தேடும்போதுதான் தெரியும்.

நடுவில் ஒரு பத்து நாள் என் பக்கங்கள் மஞ்சளாகவே கிடந்தன. முதலில் என்னமோ என்றிருந்தேன். ஒரு வாரம் ஆனதும் காலையில் காப்பி குடிக்கும் முன்னால் அதைத்தான் போய்ப் பார்ப்பேன். கேட்டு எழுதவும் கூச்சம். பதினோராம் நாள் நான்கு பக்கம் பச்சை. "கண்ணில் வெள்ளை வளர்ந்து சத்திரசிகிச்சை செய்தது. இனிக் கெதியாய்ப் பார்க்கலாம்" என்று குறிப்பு. கெதியாய் என்றால் சீக்கிரமாய் என்று அந்தப் பையனைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முகம் இன்னமும் தெரியாதுதான். நீயும் நானும் அந்த இருட்டு மூலையில், நீ மூலக் காப்பியைப் படிக்க நான் புரூஃபில் குறிக்க உட்கார்ந்திருந்தோமே, என்றைக்காவது முகத்தைப் பார்த்துக்கொண்டோமா? உன் குரல்தான் வரும். "கமா... முற்றுப்புள்ளி... பாரா..." மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பாரா மட்டும் இழுத்துக்கொண்டு வரும். நீ தூங்கிவிட்டாய் என்று எனக்குத் தெரியும்.

உன் நினைப்பு வந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அந்தப் புத்தகம் முழுக்கத் தும்பிக்கை வைத்த பழைய னை, லை. மற்றதைப் படிக்கிற கணினி அங்கே வந்தால் சில சமயம் தடுமாறுகிறது. அந்தப் பையன் அதை அச்சில் முதல் தடவையாக இப்போதுதான் பார்க்கிறானாம். 1978-ல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்து 13 எழுத்து மாறிய கதையைச் சொன்னேன். பெரியார் 1935-லேயே 'குடி அரசு' பத்திரிகையில் அந்தப் புது எழுத்தில் அச்சடித்ததையும் சொன்னேன். பழைய ணை, னை, லை, ளை கட்டைகளை அள்ளி எடுத்த பிறகு, கேஸில் காலியான லை அறையில் நீ பொடி மட்டையை ஒளித்து வைத்தாயே, அதைச் சொல்லவில்லை. உன்னைக் கேட்டுக்கொண்டு சொல்லலாம் என்று இருக்கிறேன்.

வந்து சேர், சேது. உன் பேத்தியிடம் சொன்னால் பத்து நிமிஷத்தில் பதிந்து கொடுப்பாள். அந்தப் புத்தகத்தில் 112-ஆம் பக்கத்தை மஞ்சளாக்கி வைத்திருக்கிறேன். அதில் ஒரே ஒரு தப்பை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன், நீ தூங்காமல் படிக்கிறாயா என்று பார்க்க. யாரும் தொட வேண்டாம் என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறேன். "கனநாள் வைத்திருக்கக் கூடாது" என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வரவேற்பு வந்தால் பதில் எழுத உட்கார்ந்துவிடாதே.

உன்,
நடராஜன்