பெரியவனுக்கு, அம்மா எழுதுவது

அன்புள்ள செந்திலுக்கு,

நான் நலம். நீ, கவிதா, பிள்ளைகள் எல்லோரும் நலமா? ஹூஸ்டன் பக்கம் மழை என்று டிவியில் சொன்னார்கள். போன் பண்ணினேன், மீட்டிங்கில் இருப்பதாக மெசேஜ் வந்தது. சரி, எழுதியே விடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். போனில் நீ "சொல்லுங்கம்மா, சொல்லுங்கம்மா" என்று அவசரப்படுத்துவாய், எனக்குச் சொல்ல வந்ததே மறந்துபோகும்.

முதலில் ஒன்று. அந்த வேலி விஷயத்தில் பக்கத்து வீட்டுக்காரரோடு வாய் கொடுக்காதே. ஒரு அடி நிலம் போனால் போகட்டும். இந்த ஊரில் யார் கையில் என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. நாம் பார்த்த சைமன் அண்ட் சைமன் டிவி தொடரில் தம்பி ஏ.ஜே.யாக நடித்தானே ஜேம்சன் பார்க்கர், அவனை 1992ல் பக்கத்து வீட்டுக்காரன் துப்பாக்கியால் சுட்டது ஞாபகம் இருக்கிறதா? எதற்காக? நாய் அசிங்கம் பண்ணிய தகராறு. தொடரில் அத்தனை வருஷம் குண்டுக்குத் தப்பியவன், நாய்ச் சண்டையில் அடிபட்டான். பிழைத்தது புண்ணியம். அதனால்தான் சொல்கிறேன், வாய் கொடுக்காதே.

அந்தத் தொடர் மறுபடியும் பார்க்கிறேன் கண்ணு. சின்னவன் போன மாதம் கார்ல்ஸ்பாட்டிலிருந்து வந்தபோது டிவியில் ஏதோ பண்ணிக் கொடுத்துவிட்டுப் போனான். பழைய தொடரெல்லாம் கொட்டிக் கிடக்கிறது. தனியாகத்தான் வந்தான். காபியைக்கூட நின்றுகொண்டே குடித்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை.

நாம் இங்கே வந்த அடுத்த வருஷம், 1981 நவம்பரில் ஆரம்பித்தார்கள். எனக்கு இங்கிலீஷ் காதில் ஏறியதே அந்த டிடெக்டிவ் அண்ணன் தம்பி இரண்டு பேரால்தான், உன் அப்பாவால் இல்லை. உன் அப்பா பேசியது பிஎஸ்ஜி காலேஜ் இங்கிலீஷ், கடையில் ஒருவனுக்கும் புரியாது. முதல் வருஷம் அந்தத் தொடரை ஆளே பார்க்கவில்லை, நிறுத்தப் போகிறார்கள் என்றார்கள். நீ அழுதாய். அப்புறம் வியாழக்கிழமை எட்டு மணிக்கு மேக்னம் என்கிற ஹவாய் டிடெக்டிவ் தொடர், அது முடிந்ததும் ஒன்பதுக்கு இது என்று மாற்றிப் போட்டார்களோ இல்லையோ, நாடு முழுக்கப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. 1982 அக்டோபரில் இந்த அண்ணன் தம்பி ஹவாய்க்கே போய் மேக்னத்தோடு சேர்ந்து ஒரு கேஸ் பிடித்தார்களே, அன்றைக்கு நீங்கள் இரண்டு பேரும் சோபாவில் குதித்து ஸ்பிரிங் போய்விட்டது. அப்பா திட்டினார். ஆனால் மறுநாள் பள்ளிக்கூடம் என்றும் பாராமல் பத்து மணி வரை உட்கார விட்டதும் அவர்தான்.

இப்போது பார்க்கும்போது ஒன்று தெரிகிறது. துப்பறிகிற சமாச்சாரம் ஒன்றும் பிரமாதம் இல்லை. பாதியிலேயே திருடன் யார் என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது, நல்ல சட்டை போட்டு அதிகம் சிரிக்கிறவன்தான். ஆபீஸ் வாடகைக்குக் காசு இருக்காது, எதிர்சாரியில் மைரன் பவுலரின் பெரிய ஏஜென்சியில் கேஸ் குவியும், இவர்களுக்கு ஈ ஓட்டுகிற வேலை. தம்பி காலேஜ் படித்தவன், கோட்டும் டையுமாக வருவான். அண்ணன் ரிக் வியட்நாம் போய்வந்தவன், தொப்பியும் பூட்ஸும், அந்த ஓட்டை டாட்ஜ் பவர் வேகனும். தம்பி வீட்டை ஒட்டி ஒரு படகைக் கொண்டுவந்து போட்டு அதிலேயே குடியிருப்பான். எந்தத் தம்பி இதைப் பொறுப்பான் சொல்லு. இருந்தாலும் போ என்று சொல்ல மாட்டான்.

உண்மையில் தொடரே அவர்கள் காருக்குள் போடுகிற சண்டைதான். யாரோ ஒருவன் வீட்டு வாசலில் வேவு பார்க்க மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார்கள். நீ அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னாய், நீ மட்டும் என்ன யோக்கியமா என்று ஆரம்பித்தால் நிற்காது. அந்த வேலையில் ஒரு நல்லது பார். காரை விட்டு இறங்க முடியாது. இறங்கினால் கேஸ் போய்விடும். கோபித்துக்கொண்டு எங்கே போவது? பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்தாக வேண்டும், அவன் வாங்கி வைத்த சாண்ட்விச்சைத்தான் சாப்பிட்டாக வேண்டும். கார்ல்ஸ்பாட்டுக்கும் ஹூஸ்டனுக்கும் நடுவில் அப்படி ஒரு கார் கிடையாது.

இன்னொரு வேடிக்கை தெரியுமா. அண்ணனாக நடித்த ஜெரால்டு மெக்ரேனியும் தம்பியாக நடித்த பார்க்கரும் ஒரே வருஷம், 1947ல் பிறந்தவர்கள். மூன்று மாதம்தான் வித்தியாசம். ஒருத்தன் ஆகஸ்ட், ஒருத்தன் நவம்பர். மூன்று மாதத்துக்கே அண்ணன் அண்ணனாக நடந்துகொண்டான். உனக்கும் அவனுக்கும் நாலு வயசு.

உங்கள் இரண்டு பேருக்கும் ரிக் ஆகத்தான் ஆசை. ஏ.ஜே. ஆக ஒருவனும் ஒத்துக்கொள்ள மாட்டான். அப்பா டிஹுவானாவில் வாங்கிய வைக்கோல் தொப்பி அதற்காகவே கிழிந்தது. கடைசியில் "நீ பெரியவன், விட்டுக்கொடு" என்று நான்தான் தீர்ப்புச் சொன்னேன். நீ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏ.ஜே. ஆனாய், அவன் காதுவரை இறங்கும் தொப்பியோடு ரிக் ஆனான். நீ இதை இன்னும் மனசில் வைத்திருப்பதாக கவிதா ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னாள். வைத்திரு. அன்றைக்குச் சொன்னது தப்பு என்று நான் சொல்லப் போவதில்லை. பெரியவனாகப் பிறந்தவன்தான் முதலில் இறங்கி வரணும். என் அண்ணன், உன் பெரிய மாமா, அப்புச்சி காட்டைப் பிரித்தபோது கிணறு இருந்த பக்கத்தைச் சின்ன மாமாவுக்குக் கொடுத்துவிட்டு மேட்டுக்காட்டை எடுத்துக்கொண்டார். மனசுக்குள் எரிந்திருக்கும். ஆனால் கடைசிவரை பொங்கலுக்கு ஒரே இலை வரிசையில் உட்கார்ந்தார்கள். உனக்கு இது தெரிந்ததுதான்.

கராஜைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒழித்துக்கொண்டிருக்கிறேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை, நானாகத்தான். வீட்டை விற்பதா வைப்பதா என்றெல்லாம் நான் ஒன்றும் யோசிக்கவும் இல்லை. போன தீபாவளிக்கு நீங்கள் இரண்டு பேரும் கராஜில் நின்று பேசிக்கொண்டிருந்தீர்களே, டிரையர் ஓடிக்கொண்டிருந்ததால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அங்கேதான் உன் பழைய நோட்டு கிடைத்தது. நீலக் கலர் ஸ்பைரல் நோட்டு. எதிர் வீட்டில் அந்த நேவி தாத்தா இருந்தாரே, அவரை நீங்கள் வேவு பார்த்த நோட்டு! உன் எழுத்து அப்போதே அச்சு மாதிரி. "4.10: ஆள் வெளியே வந்தார். 4.12: செடிக்குத் தண்ணீர். 4.25: தபால் பெட்டியைத் திறந்தார், ஒன்றும் இல்லை. 4.30: தம்பிக்கு அவசரமாக ஒன்றுக்கு வந்துவிட்டது, கண்காணிப்பு நிறுத்தப்பட்டது." பக்க ஓரமெல்லாம் சின்னவன் தொப்பி தொப்பியாக வரைந்து வைத்திருக்கிறான். படித்துப் படித்துச் சிரித்தேன். கடைசிப் பக்கத்தில் பில் போட்டிருக்கிறாய். மொத்தக் கட்டணம் 2 டாலர், அதில் தம்பி பங்கு 50 சென்ட். கணக்கில் நீ புலி, அதில் எனக்குப் பெருமைதான். 50 சென்ட்தான் எனக்குப் பிடிக்கவில்லை. வெயிலில் அவனும்தானே உட்கார்ந்தான்.

மலிபு கோயிலில் யாரைப் பார்த்தாலும் என் பெரியவன் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளைம் கண்டுபிடிக்கிறவன், டிடெக்டிவ் மாதிரி என்றுதான் சொல்கிறேன். டிடெக்டிவே ஆகிறேன் என்று நீ ஒரு வருஷம் குதித்தாய், அப்பாதான் விடவில்லை. இங்கே கலிபோர்னியாவில் அதற்கு லைசென்ஸ் வாங்க 6,000 மணி நேரம் அனுபவம் காட்டணுமாம், சின்னவன் பெண் பார்த்துச் சொன்னாள். ஆறாயிரம் மணி நேரம் அடுத்தவன் வாசலில் நிற்பதற்கு இது தேவலை. உனக்கு இந்தத் திறமை இருக்கிறது. முதுகுவலி என்று படுத்தவன் மரம் ஏறுவதை போட்டோ பிடித்துவிடுகிறாய். வீட்டு விஷயம் மட்டும் உன் கண்ணில் படுவதில்லை. சின்னவன் இளைத்துவிட்டான், கவனித்தாயா? எங்கே கவனித்திருப்பாய்.

சர்க்கரை டெஸ்ட் எடுத்தாயா? அப்பாவுக்கு உன் வயசில்தான் வந்தது. கவிதாவிடம் கேட்டால் "எடுக்கச் சொல்றேங்க அத்தை" என்கிறாள், அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரரோடும் வாய் வேண்டாம்.

அந்தத் தொடரில் அம்மாவாக வருவாளே சிசிலியா, மேரி கார்வர் என்று பெயர். 1924ல் பிறந்தவள், பிள்ளைகளாக நடித்தவர்களைவிட 23 வயசுதான் மூத்தவள். நான் உன்னைப் பெற்றதும் 23ல். புருஷன் போய்விட்டான், இந்த இரண்டு தடியன்களும் என்ன வம்பை இழுத்துக்கொண்டு வருவார்களோ என்று இருப்பாள். நல்ல புடவை கட்டத் தெரிந்தவள் மாதிரி ஒரு நிமிர்வு. அந்தக் காலத்தில் அவள் வந்தாலே எனக்கு எரிச்சல், கதை நின்றுவிடுகிறதே என்று. இப்போது அவள் எப்போது வருவாள் என்று பார்க்கிறேன். அந்தத் தடியன்கள் இரண்டும் அவளுக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு நல்ல பிள்ளைகளாக நிற்கும். அப்புறம் வெளியே போய் அடித்துக்கொள்ளும். அவளுக்குத் தெரியாது என்று நினைப்பு! அவளும் 2013ல் போய்விட்டாள், 89 வயசு. 1995ல் எல்லோரையும் கூட்டி வைத்து ஒரு படம் எடுத்தார்களே, அதிலும் வந்தாள். அப்பா அதை டேப்பில் பிடித்து வைத்தார். டேப் இருக்கிறது, போடுவதற்கு மிஷின்தான் இல்லை.

எத்தனை வருஷம் துப்பறிகிற கதை பார்த்தவள் நான். எனக்கும் கொஞ்சம் தெரியும். சின்னவன் போன் பண்ணினால் "அண்ணா எப்படிம்மா இருக்கான்?" என்கிறான். நீ பண்ணினால் "அவன் வந்தானா?" என்கிறாய். முன்னே பெயர் சொல்வாய். குடும்ப குரூப்பில் நான் கோயில் போட்டோ போட்டால் நீ ஒரு பூ போடுகிறாய், மறுநாள் அவன் ஒரு பூ போடுகிறான். ஒருத்தன் போட்டதுக்குக் கீழே இன்னொருத்தன் ஒரு வார்த்தை எழுதுவதில்லை.

இதெல்லாம் இருக்கட்டும். போன வாரம் தபாலில் ஒரு பெட்டி வந்தது, பிரஷர் பார்க்கிற மிஷின், நீ அனுப்பியது. சந்தோஷமாகப் பிரித்து வைத்தேன். இரண்டு நாள் கழித்து இன்னொரு பெட்டி. சின்னவன் அனுப்பியது. அதுவும் பிரஷர் மிஷின். அம்மாவுக்குத் தலை சுற்றியது என்று இரண்டு பேருக்கும் கவிதா சொன்னாள் போலிருக்கிறது. முன்னெல்லாம் எனக்கு ஒரு செருப்பு வாங்குவதென்றாலும் நீ வாங்கினாயா நான் வாங்கட்டுமா என்று அரை மணி நேரம் பேசிக்கொள்கிறவர்கள் நீங்கள்.

இந்த லெட்டரில் பாதி அவனுக்கும் சேர்த்துத்தான். அவனுக்குத் தமிழ் படிக்க வராது, ஐந்து வயசில் பிளேன் ஏறியவன். நீதான் போன் பண்ணிப் படித்துக் காட்டணும். நோட்டு விஷயத்தை விட்டுவிடாதே, அந்த ஒன்றுக்கு வந்த இடத்தையும். 50 சென்ட் விஷயத்தையும் படி.

இன்றைக்குக் காலையில் இரண்டு மிஷினையும் போட்டுப் பார்த்தேன். உன்னுடையது 148 காட்டுகிறது, அவனுடையது 131. எதை நம்புவது, எதைத் திருப்பி அனுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை. ஒருத்தன் பேச்சைக் கேட்டு இன்னொருத்தன் வாங்கியதை நான் திருப்பி அனுப்ப மாட்டேன். நீங்கள் இரண்டு பேரும் பேசி ஒரே முடிவாகச் சொல்லுங்கள். இரண்டு கடைக்காரர்களும் மாதக் கடைசி வரைக்கும்தான் திருப்பி எடுத்துக்கொள்வார்களாம், பெட்டியில் போட்டிருக்கிறது.

அன்புடன்,
அம்மா