வாபஸ் வாங்கும் முன்…

ஆசிரியருக்கு,

டிசெபிலிட்டி பென்ஷன் (படைப்பணியால் வந்த ஊனம் அல்லது நோய்க்கான ஓய்வூதியம்) கேட்டு ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகும் முன்னாள் படைவீரர்கள் சிலர், மருத்துவ வாரிய அறிக்கை விட்டுப்போயிற்று, கோரிக்கை சரியாக எழுதப்படவில்லை என்று மனுவைப் பாதியில் வாபஸ் வாங்குகிறார்கள். வாங்கலாம். ஆனால் 'புதிதாக மனுச் செய்யும் உரிமையுடன்' என்ற சொற்கள் உத்தரவிலேயே இடம்பெற வேண்டும். வழக்கறிஞர் வாய்மொழியாகக் கேட்டது போதாது. உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கிப் படித்துப் பாருங்கள். அந்த வரி இல்லாவிட்டால், மறுபடி போகும்போது அரசுத் தரப்பு அதைத்தான் முதல் ஆட்சேபமாக எழுப்பும்.

அதைவிடப் பெரிய இழப்பு நிலுவைத் தொகையில். உச்ச நீதிமன்றத்தின் 2008 தர்செம் சிங் தீர்ப்பின்படி, தாமதமாக வரும் ஓய்வூதிய வழக்குகளில் நிலுவை மனுத் தாக்கலுக்கு முந்தைய 3 ஆண்டுகளுக்கு மட்டும் என்று குறைக்கப்படலாம். 2021-ல் போட்ட மனுவைக் கைவிட்டு 2024-ல் புதிதாகப் போட்டால், இடைப்பட்ட அளவுக்குப் பழைய பாக்கி போய்விடக்கூடும். ஆவணம் மட்டும்தான் குறையென்றால் கூடுதல் ஆவணங்களைச் சேர்க்க அனுமதி கேட்டாலே போதுமே!

'ஊனம் 20 சதவீதம்தானே, ஓய்வூதியக் கணக்குக்கு அதை 50 ஆக்கித் தரமாட்டார்கள்' என்று எண்ணியும் யாரும் கைவிட வேண்டாம். பணிக்காலம் முடித்து ஓய்வுபெற்றவர்களுக்கும் அந்த உயர்வு உண்டு என்பதை ராம் அவதார் வழக்கில் 10.12.2014 அன்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்திருக்கிறது. 2023 செப்டம்பருக்குப் பின் ஓய்வுபெற்றோர் மட்டும் இந்த ஓய்வூதியத்துக்கான புதிய விதிகளைத் தனியே பார்க்க வேண்டும்.

- வாசகர், வேலூர்