‘இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது’ என்ற வரி பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்துக் கல்லூரி ஒன்றின் மாணவர்கள் மேடையேற்றிய வடமோடிக் கூத்தை, எங்கள் பக்கத்து மரபுக் கூத்து வகைகளில் ஒன்றை, பற்றி, கடந்த ஞாயிறு இதழின் கலைப் பக்கத்தில் விமர்சனம் வெளியிட்டிருந்தீர்கள். எட்டுப் பந்திகள். ஏழாவது பந்தியின் முடிவில் விமர்சகர் இப்படி எழுதுகிறார்: ‘மாணவ நடிகர்களிடம் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.’ பாராட்டுவதாக நினைத்துத்தான் எழுதியிருக்கிறார் என்பது எனக்கு விளங்குகிறது. அதனால்தான் மூன்று நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

நான் நாடகமும் அரங்கியலும் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியன். அந்தக் கூத்தில் ஆடுபவர்களின் பாட்டைப் பின்னால் நின்று தொடர்ந்து பாடும் பிற்பாட்டுக்காரருக்குத் துணையாகப் பதினொரு வாரம் ஒத்திகைக்குப் போய்வந்தவன். எதிர்பார்க்கப்பட்டது என்ன என்பதை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன்.

சட்டங்கொடுத்த, அதாவது அவரவர் பாட்டைப் பிரித்துக் கொடுத்த, அன்றே கூத்தைப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டார்: உன் பாட்டு மட்டும் தெரிந்தால் போதாது, உனக்கு முன்னால் பாடுகிறவனின் பாட்டும் பின்னால் பாடுகிறவளின் பாட்டும் தெரிந்திருக்க வேண்டும். அதன்பின் ஐந்து வாரம் தாளக்கட்டு மட்டும்தான். மத்தளம் சொல்வதைக் கால் திருப்பிச் சொல்லும்வரை ஒருவரும் வாய் திறக்க அவர் விடவில்லை. பாதம் கொப்புளித்த பிள்ளைகள் துணி சுற்றிக்கொண்டு ஆடினார்கள். சதங்கையை நினைத்தவுடன் எடுத்துக் கட்டிவிட முடியாது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. கால் தேறிய பிறகு, ஊரும் உறவும் பார்த்திருக்கக் கட்டுவது அது. ஆறாவது வாரத்தில் சதங்கை அணிந்தபோது இருபத்தேழு பேரில் நான்கு பேருக்குக் கிடைக்கவில்லை. அந்த நால்வரும் விட்டுப் போகவில்லை. தனியாக நின்று பழகி, அடுத்த வாரம் கட்டிக்கொண்டார்கள். அப்போது அழுத ஒரு பையனைத்தான் உங்கள் விமர்சகர் ‘இயல்பாகவே துள்ளல் உள்ளவர்’ என்று எழுதியிருக்கிறார். அந்தத் துள்ளல் இயல்பாக வந்ததல்ல, ஐயா. எழுபது நாள் உழைப்பு அது.

கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து ஒரு பிள்ளை வந்தாள். ஒத்திகை முடிய ஏழு மணியாகும். அந்த நேரத்தில் பஸ் இல்லை. தகப்பன் வயல் வேலை முடித்து, சேறு காயாத காலோடு மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் காத்திருப்பார். ஒரு நாளும் உள்ளே வந்து மகளைச் சீக்கிரம் அனுப்பும்படி கேட்டதில்லை. அவளும் ஒரு நாளும் கேட்டதில்லை. பரீட்சை வாரத்தில்கூடக் கொப்பியைக் கொண்டுவந்து மண்டபத்து மூலையில் வைத்துப் படித்துவிட்டு, தன் பாத்திரம் நுழையும் வரவு வரும்போது எழுந்து ஆடினாள். இதற்கு மேல் என்ன எதிர்பார்ப்பதாம்?

விமர்சகர் குற்றம் சொல்லக் கூடாது என்று நான் வாதிடவில்லை. அன்று குற்றம் இருந்தது. தூதுவன் இரண்டாம் முறை வரும்போது தாளத்தைத் தவறவிட்டான். பிற்பாட்டு ஒரு இடத்தில் இழுபட்டது. அதில் என் பங்கும் உண்டு. இவற்றை எழுதியிருந்தால் அந்தப் பத்திரிகைத் துண்டைக் கொண்டுபோய்ப் பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டியிருப்பேன். ஆடுகிறவனை ஆடுகிறவனாக மதித்தவர்தான் தாளம் பிழைத்ததென்று எழுதுவார். ‘மாணவர்கள்தானே’ என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போவதில் அந்த மதிப்பு இல்லை.

1979இல் நானும் மாணவனாகக் கூத்தாடியவன். ஒரு நாள் ஒத்திகைக்குப் பத்து நிமிடம் பிந்திப் போனேன். அண்ணாவியார் என்னை ஏசவில்லை. மத்தளத்தைக் கீழே வைத்தார். முதல் வரவிலிருந்து எல்லாரையும் மறுபடி ஆடச் சொன்னார். என்னை ஆடுகளமான களரிக்கு வெளியே உட்கார்ந்து பார்க்கச் சொன்னார். ஒரு மணி நேரத்துக்கு மேல் என் கூட்டாளிகள் எனக்காக வியர்த்தார்கள். அவர் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர். நான் மாணவன் என்பது அவருக்கு ஒரு சாக்காகத் தோன்றவே இல்லை.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வித்தியானந்தன் செய்ததைத் தாங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். 1962இல் கர்ணன் போர், 1963இல் நொண்டி நாடகம், பிறகு இராவணேசன், வாலிவதை. விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்த அந்த முயற்சிகளில் ஆடியவர்கள் யார்? பல்கலைக்கழக மாணவர்கள். இராவணனாக ஆடிய மௌனகுரு அங்கே படிக்க வந்த மட்டக்களப்புப் பிள்ளை. 1985இல் நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘மண் சுமந்த மேனியர்’ யாழ்ப்பாணத்தில் மேடையேறியபோது, யுத்தத்துக்கு நடுவில் அதை ஆடியவர்களும் பல்கலைக்கழக மாணவர்கள்தான். மாணவர்களிடம் எதிர்பார்க்க முடியாது என்று அந்தப் பெரியவர்கள் நினைத்திருந்தால், இன்று ஈழத்து அரங்கைப் பற்றிக் கலைப் பக்கத்தில் எழுதுவதற்கு நமக்கு எவ்வளவு மிஞ்சியிருக்கும்?

எழுதத் தொடங்கிய பிறகு மற்றவற்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அன்று அழைப்பிதழில் போட்டிருந்த நேரம் மாலை ஐந்து. கூத்துத் தொடங்கியது ஆறு முப்பத்தைந்துக்கு. மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, மூன்று விருந்தினர் உரை, பதினொரு பொன்னாடை. இவ்வளவு நேரமும் பிள்ளைகள் திரைக்குப் பின்னால், வளையம் வைத்து விரிந்த கரப்புடுப்போடு நின்றார்கள். அதைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது. தலையில் கிரீடம், மார்பில் பதக்கம், முகத்தில் உருகும் பூச்சு. ஒரு பிள்ளைக்கு மயக்கம் வந்து, ஓலை விசிறியால் விசிறினோம். அதன்பிறகு, நேரம் போய்விட்டதென்று கூத்தில் இருபது நிமிடத்தைக் குறைக்கும்படி மேடையின் ஓரத்துக்கு ஒரு துண்டுக் காகிதம் வந்தது. பதினொரு பொன்னாடையில் ஒன்றைக்கூடக் குறைக்க யாருக்கும் தோன்றவில்லை. விமர்சகர் ‘இடையில் கதை தாவுகிறது’ என்று எழுதியிருக்கிறாரே, அது அந்த இருபது நிமிடம்தான். அவர் திரைக்குப் பின்னால் வந்து கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

விமர்சனத்தோடு வெளியான படத்தையும் பார்த்தேன். பிரதம விருந்தினர் விளக்கேற்றுகிறார். மூன்று பத்தி அகலம். ஆடிய ஒரு பிள்ளையின் முகம்கூட அதில் இல்லை. இது இன்று நேற்று நடப்பதல்ல. முப்பது ஆண்டாக மாணவர் நாடகம் பற்றிய செய்திகளைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவற்றில் விளக்கும் விருந்தினரும்தான் இருக்கிறார்கள். விமர்சனத்தில் பெயர் சொல்லப்பட்டவர்களும் அதிபரும் நெறியாளரும் மட்டுமே. அண்ணாவியாரின் பெயர்கூட இல்லை.

ஆட்டம் முடிந்த பிறகு நடந்ததை விமர்சகர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. உடுப்புகள் ஒரு கிராமத்துக் கூத்துக் குழுவிடம் இரவல் வாங்கியவை. இரவு பத்து மணிக்கு மேல், அபிமன்யுவாக ஆடியவனும் சுபத்திரையாக ஆடியவளும் தரையில் உட்கார்ந்து, அறுந்த மணிகளைக் கோத்து, வியர்வை துடைத்து, ஒவ்வொன்றாக எண்ணிப் பெட்டியில் வைத்தார்கள். மண்டபத்தைப் பெருக்கியதும் அவர்களே. அதுவும் அவர்களிடம் எதிர்பார்க்கப்பட்டதுதான். யாரும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

தங்களிடம் நான் கேட்பது பெரிய விடயமல்ல. அண்ணாவியார், மத்தளக்காரர், பிற்பாட்டுக்காரர், திரை இழுத்த இரு பிள்ளைகள் உட்பட முப்பத்து மூன்று பேரின் பெயர்களை இத்துடன் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு இதழில் எந்த மூலையிலாவது, எவ்வளவு சிறிய எழுத்திலாவது வெளியிடுங்கள். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை அதே கூத்து, வெட்டப்பட்ட பகுதியையும் சேர்த்து, கிராமத்தில் வட்டக்களரியில் ஆடப்படுகிறது. விளக்கேற்ற விருந்தினர் எவரையும் அழைக்கவில்லை. தங்கள் விமர்சகர் வர வேண்டும். இயன்றால் முதல் நாள் மாலை ஒத்திகைக்கும் வரட்டும். அங்கே பாயும் தேநீரும் உண்டு.

பெயர்ப் பட்டியலில் பதினான்காவது பெயரில் ஓர் எழுத்தை அடித்துத் திருத்தியிருக்கிறேன். திருத்தியதுதான் சரி. அந்தப் பிள்ளையின் பெயர் கல்லூரி அழைப்பிதழிலும் பிழையாகத்தான் அச்சாகியிருந்தது. தயவுசெய்து இம்முறை சரிபார்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நாடக ஆசிரியர்,
மட்டக்களப்பு.