தேடுபெட்டியில் விழும் சொற்கள்

அன்புள்ள செல்வா,

சிங்கப்பூர் தேக்காவில் தீபாவளி நெரிசல் தொடங்கிவிட்டது, உனக்கு மூச்சுவிட நேரமிருக்காது. இருந்தாலும், கடையின் இணையதளத்துக்கு வருபவர்களுக்குத் தேடியது கிடைக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என நீ கேட்டதற்குப் பதில்.

கடையின் இணையதளத்தில் ஆட்கள் சராசரியாக மூன்று நிமிடம் இருக்கிறார்கள் என்று மகிழாதே. ஆசையாகப் பார்த்தவருக்கும் மூன்று நிமிடம்தான், டெலிவரி கட்டணம் எங்கே என்று தேடிச் சலித்தவருக்கும் மூன்று நிமிடம்தான். தள வருகையைக் கணக்கிடும் கூகுள் அனலிட்டிக்ஸ் 4 பத்து விநாடி தாண்டினாலே ‘ஈடுபாடு’ என்று எழுதிக்கொள்ளும். ஒரே பக்கத்தில் ஆறே விநாடியில் போன் நம்பரைப் பார்த்துவிட்டு உன்னை அழைத்தவர் அதில் சேரமாட்டார்!

தேடுபெட்டியைப் பார். தேடிய சொல், வந்த முடிவுகளின் எண்ணிக்கை, நேரம், ஒரே ஆளின் தேடல்களை இணைக்கும் பெயரில்லாத ஓர் எண் நான்கையும் பதிவுசெய்யத் தளத்தை அமைத்தவரிடம் சொல். சிலர் போன் நம்பரையும் ஐசி (அடையாள அட்டை) எண்ணையும்கூட அதில் அடிப்பார்கள். அவற்றை மறைத்த பிறகே சேமிக்கவேண்டும். முப்பது நாள் பதிவில் அதிகம் வந்த ஐம்பது சொற்களை நீயே அடித்துப் பார். ஒரே ஆள் உடனே வேறு சொல்லால் தேடியிருந்தால், முதல் தேடலில் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்.

முடிவே வராத சொற்களில்தான் விஷயம் இருக்கிறது. சில பொருள் உன்னிடம் இருக்காது. அது கொள்முதல் பட்டியல். சில வேறு பெயரில் இருக்கும்: நீ ‘முறுக்கு உழக்கு’ என்று போட்டிருப்பாய், அவர்கள் ‘முறுக்கு அச்சு’ என்பார்கள். இரண்டையும் சேர். மூன்றாவது வகை தமிழுக்கே உள்ள தொல்லை. ‘கொத்தமல்லி’யின் ஒகரக் குறியைக் கணினியின் எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. பொருள் பட்டியல், தேடுசொல் இரண்டையும் என்எஃப்சி (NFC) என்ற ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்கு மாற்றச் சொல். ‘பாத்திரம்’ என்று தேடினால் ‘பாத்திரத்தில்’ அகப்படாது என்பதையும் சொல்.

தேடாமலே போய்விடுபவர்கள் இந்தத் தேடல் பதிவில் இல்லை. அதற்கு ஐந்து பேரிடம் ஒவ்வொருவராகக் கைபேசியைக் கொடு. ‘டெலிவரி பக்கத்தைத் திற’ என்றால் விடையையே சொன்னதாகிவிடும். ‘யீஷூனுக்கு நாளைக்குச் சாமான் வர எவ்வளவு ஆகும்?’ என்று கேள். பிறகு வாயைத் திறக்காதே (உனக்கு இதுதான் சிரமம்). தடுமாறிய இடங்களைத் திருத்திவிட்டு வேறு ஐந்து பேரை உட்காரவை.

பண்டிகைக்கு முந்தைய இரண்டு வாரப் பதிவைத் தனியாக எடுத்து வை. கூட்டம் ஓய்ந்ததும் வருகிறேன், சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
மாறன்